எங்கள் வீட்டில் டாலருக்கு எட்டு ரூபாய்

எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நடுத்தர ஊர் ஒன்றில் ஒரு முட்டைக்கோஸ் என்ன விலைக்கு விற்றது என்று கேட்டால் இன்றைக்கும் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். அரை டாலர். முடி வெட்டிக்கொள்ள இரண்டரை டாலர். துணி துவைக்கிற மெஷினுக்குக் கால் டாலர் காசுதான் வேண்டும், வேறு காசு செல்லாது. பஸ்ஸில் மீதிச் சில்லறை தர மாட்டார்கள், சரியான காசோடுதான் ஏற வேண்டும். இவையெல்லாம் எனக்கு அத்துப்படியாக இருந்த காலத்தில் அந்த ஊரை நான் கண்ணால் பார்த்ததில்லை. நான் இருந்தது திருவனந்தபுரத்தில், வலியசாலை அக்கிரகாரத்தில், புகுந்த வீட்டுச் சமையலறையில்.

என் பிறந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வலியசாலைக்கு வந்தபோது மலையாளத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. வீட்டுக்குள் பேசுவது தமிழ்தான் என்றாலும் அதிலும் பாதி எனக்குப் புதிதாக இருந்தது. அது கொஞ்சம் பழகுவதற்குள் இவருக்கு, அதாவது என் கணவருக்கு, அமெரிக்காவில் வேலை கிடைத்துவிட்டது. தண்ணீர் இறைக்கும் பம்பு செய்கிற கம்பெனி. நியூயார்க் என்றாலாவது தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். இது பெரிய நகரமும் இல்லை, பட்டிக்காடும் இல்லை, ரெண்டுங்கெட்டான். என் மாமனார் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க அட்லஸில் தேடி, கடைசியில் கண்டுபிடித்துப் பென்சிலால் வட்டம் போட்டார். "கொஞ்சம் காலூன்றிண்டதும் அழைச்சுக்கறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு இவர் விமானம் ஏறினார். காலூன்ற நாலு வருஷம் ஆயிற்று.

வீட்டில் மிஞ்சியது மூன்று பேர். மாமனார், மாமியார், நான். மாமனார் சர்க்கார் ஆபீசில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், கணக்கு ஓய்வு பெறவில்லை. மாமியார் அதிகம் பேசாதவர். படித்ததும் கொஞ்சம்தான், அதுவும் மலையாளப் பள்ளிக்கூடத்தில். பேசுவது தமிழ், எழுதத் தெரிந்தது மலையாள எழுத்து மட்டும். சமையலறையில் இருக்கும் டப்பாக்களின் மேலெல்லாம் துவரம் பருப்பு, வெந்தயம், பெருங்காயம் என்று தமிழ்ச் சொற்களை மலையாள எழுத்தில் காகிதத்தில் எழுதி ஒட்டி வைத்திருப்பார். உள்ளே இருப்பது என்னவென்று மூடியைத் திறந்து பார்த்து, வெளியே இருக்கும் எழுத்தை மனப்பாடம் செய்து, அப்படித்தான் நான் மலையாளம் படிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு குறைவு. அவருக்குப் பிள்ளை இல்லாத வீடு, எனக்குப் புருஷன் இல்லாத வீடு, இதில் யார் யாருக்கு ஆறுதல் சொல்வது?

கடிதம் மாமனார் பெயருக்குத்தான் வரும். பெண்டாட்டிக்குத் தனியாகக் கடிதம் போடுகிறவன் என்று தெருவில் பெயர் வாங்கினால் போச்சு, தபால்காரரே சிரிப்பார். காலைக் காபி முடிந்ததும் மாமனார் கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, அந்த நீல விமானத் தபால் காகிதத்தைப் பிளேடால் மூன்று பக்கமும் கீறிப் பிரித்து, உரக்க வாசிப்பார். மாமியார் தூணருகில் தரையில் உட்கார்ந்திருப்பார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். என் பெயர் கடிதத்தில் வராது. "அவளிடமும் சொல்லவும்" என்று கடைசியில் ஒரு வரி வரும். எதைச் சொல்ல வேண்டும் என்று இருக்காது. மாமனார் தலையைத் திருப்பாமலே "கேட்டியோன்னோ?" என்பார். கேட்டேன் என்பதற்கு அடையாளமாக நான் ஒரு பாத்திரத்தை நகர்த்துவேன்.

முதல் கடிதத்தில் பனி கொட்டுகிறது என்று எழுதியிருந்தார். மாமியார் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இரண்டாவது கடிதத்தில், மத்தியானம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, அறைக்கு வந்தால் பேச ஆள் இல்லை என்று எழுதிவிட்டார். மாமியார் தலைவலி என்று சொல்லிக்கொண்டு படுத்துவிட்டார். மாமனார் பதில் கடிதத்தில் கொஞ்சம் கடுமையாகவே எழுதினார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு பனியும் இல்லை, இருட்டும் இல்லை. வெறும் விலைவாசி. அறை வாடகை எண்பது டாலர், ரொட்டி இவ்வளவு, முட்டைக்கோஸ் இவ்வளவு. விலையைக் கேட்டு யாரும் அழ மாட்டார்கள் என்று கண்டுபிடித்திருக்கிறார், பாவம்.

மாமனாருக்கோ கொண்டாட்டம். வாசித்துக்கொண்டே ரூபாயில் பெருக்குவார். அப்போது டாலருக்கு ஏழரை ரூபாய் சொச்சம். முதல் தடவை "ஏழரையால பெருக்கினா" என்று அவர் ஆரம்பித்தபோதே மாமியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"சிவ சிவா! கொழந்தையோட லெட்டரைக் கையில வெச்சுண்டு அந்த நம்பரைச் சொல்லாதேங்கோ!"

சனி பிடித்தால் ஏழரை வருஷம் என்பதால் அந்த எண்ணே அவருக்கு ஆகாது. ஏழரை என்று வாயால் சொன்னாலே அது கடல் தாண்டிப் போய்ப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும் என்று பயம். எட்டும் அப்படி ஒன்றும் நல்ல எண் இல்லை, இருந்தாலும் ஏழரைக்கு எட்டு தேவலை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டாலருக்கு எட்டு ரூபாய். ஊரெல்லாம் ஒரு விலை, எங்கள் வீட்டில் அமெரிக்கா அரை ரூபாய் கூடுதல்.

"முடி வெட்ட ரெண்டரை டாலர்! இருபது ரூபா! அம்பட்டன் இங்க ஆத்துக்கு வந்து வெட்டினாலே ஒரு ரூபாதான் குடுக்கறேன்" என்று மாமனார் கூடத்தையே ஒரு கலக்குக் கலக்குவார்.

மாமியார் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்று சொல்வார். "வெலை கெடக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடறானான்னு எழுதச் சொல்லுங்கோ." மாமனார் அதை எழுதியதாக எனக்கு நினைவில்லை.

பதில் எழுதும்போது அடியில் மூன்று விரற்கடை இடம் எனக்காக விடுவார். அதைப் பெரிய மனசு என்றுதான் அவர் நினைத்திருந்தார். நான் எழுதியதை அவர் படித்துப் பார்த்துத்தான் ஒட்டுவார். முதல் தடவை அந்தக் காகிதத்தையும் பேனாவையும் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு வந்து விழித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. ராத்திரி தூக்கம் வருகிறதா, என் ஞாபகம் வருகிறதா, எப்போது கூப்பிடுவீர்கள். எதை மாமனார் படிக்கலாம்? எதிரே அரிவாள்மணைக்குப் பக்கத்தில் பாதி நறுக்கிய முட்டைக்கோஸ் இருந்தது. "நமஸ்காரம். நான் சௌக்கியம். அங்கே இப்போது முட்டைக்கோஸ் என்ன விலை?" என்று எழுதிக் கொடுத்தேன். மாமனார் படித்துவிட்டு, "பேஷ், பொறுப்பா கேட்டிருக்கா" என்றார்.

அடுத்த கடிதத்தில் முட்டைக்கோஸுக்கு மட்டும் நாலு வரி. விலை, எடை, எந்தக் கடையில் மலிவு, சனிக்கிழமை சாயங்காலம் போனால் எவ்வளவு குறையும். அந்த நாலு வரியும் எனக்கு எழுதியது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு கடிதத்திலும் நான் ஒன்றைக் கேட்பேன், கூடவே முட்டைக்கோஸையும் கேட்பேன். சோப்பு விலை கேட்டால் அவர் துணி துவைப்பது தெரியும். துணி துவைக்கிற கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் இருக்காது என்று எழுதினால், ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும். பழைய கம்பளிக் கோட்டுகள் விற்கிற கடையின் விலை வந்தபோது, யாரோ போட்டுக் கழித்த கோட்டு இவர் தோளில் எப்படி இருக்கும் என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடித்தனம் அப்படித்தான் நடந்தது.

சாலைக் கடைத்தெருவில் நாகர்கோவில்காரர் ஒருவர் காய்கறிக் கடை வைத்திருந்தார். மாமியார் என்னை அனுப்பினால் நான் முதலில் போய் நிற்பது அங்கேதான். ஒரு முட்டைக்கோஸைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு விலை கேட்பேன். அவர் ஒன்றேகால் ரூபாய் என்பார். நாலு ரூபாய் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அந்த ஊர்க் கடையில் இவரும் இப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார் என்று தோன்றும்.

"என்னக்கா, எப்பவும் வெலய கேட்டுட்டு கையில வச்சிட்டே நிக்கியளே, எடுக்கலியா?" என்பார் கடைக்காரர்.

எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். சுற்றிலும் அவ்வளவு கூட்டம், மூட்டை தூக்குகிறவர்கள், கைவண்டிகள், மலையாளமும் தமிழுமாக ஒரே இரைச்சல். அதன் நடுவே என்னைப்போல் தனியாக யாரும் இருந்திருக்க மாட்டார்கள். திருநெல்வேலி என் ஊராக இல்லாமல் போயிற்று, திருவனந்தபுரம் இன்னும் ஆகவில்லை, விலை மட்டும் தெரிந்த மூன்றாவது ஊர் ஒன்று. நான் எந்த ஊர்க்காரி என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

தெருவில் அப்போது வேறு சில வீட்டுப் பிள்ளைகளும் வெளிநாடு போகத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய அம்மாக்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். "அங்க ஒரு மாசத்துக்கு எத்தனை ஆகும்?" என்று மாமியாரைக் கேட்டால், "அவளைக் கேளுங்கோ" என்று என்னைக் காட்டுவார். நான் ஒப்பிப்பேன். வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டுப் போகிற போக்கில், "இத்தனை தெரிஞ்சு வெச்சிருக்கியே, நீ எப்போடி போறே?" என்பார்கள். பால் பொங்குகிறது என்று சொல்லி நான் உள்ளே போய்விடுவேன். அடுப்பே எரிந்திருக்காது.

அந்தக் கேள்விக்குப் பதில் மாமனாரின் கணக்கில் இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, தீபாவளி கழிந்து, "அவளை எப்போ அனுப்பறது?" என்று மாமனாரே எடுப்பார். தானே கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொள்வார்.

"ஒரு ரூமுக்கு எண்பது டாலர். இவளும் போனா அடுக்களை உள்ள வீடா வேணும், நூத்தியிருபதுன்னு அவனே எழுதியிருக்கான். எட்டால பெருக்கு. தொளாயிரத்து அறுபது! வாடகைக்கு மட்டும்! என் பென்ஷனை நாலு மடங்காக்கினாலும் எட்டாது. அடுத்த வருஷம் பாக்கலாம்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவர் மேல் மட்டும் இல்லை. இவர் மேலும், என் மேலும். எந்த விலையைக் கேட்டுக் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தோமோ, அந்த விலையே எங்களைச் சேர விடாமல் பூட்டுப் போட்டது. ஒவ்வொரு கடிதத்திலும் அந்தப் பூட்டின் சாவியை நானே திருகிக்கொண்டிருந்திருக்கிறேன். நிறுத்தலாம் என்றால் முடியவில்லை. விலை கேட்கவில்லை என்றால் அந்த மூன்று விரற்கடை இடத்தில் வேறு எதை எழுதுவது?

ஒரு தடவை டெலிபோனில் பேசினார். தெருக்கோடியில் டாக்டர் வீட்டில்தான் போன் இருந்தது. நாள் குறித்து முன்கூட்டியே எழுதியிருந்தார். காலையில் குளித்து, மாமனார் வேஷ்டி மாற்றிக்கொண்டு, மாமியார் நல்ல புடவை கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போவதுபோல் போனோம். மூன்று நிமிஷம். முதல் நிமிஷம் "கேக்கறதா? கேக்கறதா?" என்று மாமனார் கத்தியதில் போயிற்று. இரண்டாவது நிமிஷத்தில் மாமியார் போனை வாங்கி, காதில் வைத்து, ஒன்றும் பேசாமல் நின்றார். "பேசுடி, காசு போறது" என்று மாமனார் பல்லைக் கடித்தார். மாமியார் அப்படியே என்னிடம் நீட்டிவிட்டார்.

டாக்டர் வீட்டார் எல்லோரும் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இரைச்சலுக்கு அந்தப் பக்கம் இவர், "சொல்லு, சொல்லு" என்கிறார். நான் கேட்டேன்:

"அங்க முட்டைக்கோஸ் என்ன விலை?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இவர், "அதே விலைதான்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அந்தத் தெருவில் என்னை வைத்து ரொம்ப நாள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வயசானவர், காலில் வலி, பிடிமானத்துக்காக என்று நினைத்தேன்.

அந்த போனுக்குப் பிறகு கடிதங்களில் ஓர் அதிசயம் நடந்தது. விலை இறங்க ஆரம்பித்தது. முட்டைக்கோஸ் கால் டாலர். கோட்டு பாதி விலை. அடுக்களை உள்ள வீடுகூடச் சிலது மலிவாகக் கிடைக்கிறதாம். அதே மாதம் தெருவில் இன்னொரு வீட்டுப் பிள்ளை, அமெரிக்காவில் விலையெல்லாம் ஏறிவிட்டது என்று எழுதியிருந்தான். இவர் எழுதுவது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்று அந்தப் பொய்களை ஒன்றுவிடாமல் கேட்டேன். வா, வா, வா என்று வரிக்கு வரி கூப்பிடுகிறார். மாமனாரும் சந்தோஷப்பட்டார்.

"பாத்தியா, இனிமே அவன் நன்னா மிச்சம் பிடிக்கலாம். இந்தச் சமயத்துல போய் இவளை அனுப்பி செலவைக் கூட்டுவானேன்?"

விலை ஏறினாலும் நான் போக முடியாது, இறங்கினாலும் போக முடியாது. அன்றைக்குக் கிணற்றடியில் போய் நின்று ஓவென்று அழுதேன். வாளியை வேண்டுமென்றே கயிற்றோடு விட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

நாலாவது வருஷம் இவர் லீவில் வந்தார். மூன்று வாரம். வீட்டில் ஒரே ஜனக்கூட்டம். உறவு, தெரு, அமெரிக்கா போக ஆசைப்படுகிற பையன்களின் அப்பாக்கள் என்று யார் யாரோ. கூடத்தில் உட்கார்ந்து இவர் நேரில் விலை சொன்னார், மாமனார் பெருக்கினார். இரவில் எங்களுக்கென்று கிடைத்தது மெல்லிய பலகைத் தடுப்பு போட்ட அறை. அந்தப் பக்கம் யாராவது இருமினால் எங்கள் தலைமாட்டில் இருமுகிற மாதிரி இருக்கும். ஒரு வாரம் இப்படியே போயிற்று. அந்தப் பழைய கம்பளிக் கோட்டை மட்டும் கொடியில் தொங்கவிட்டிருந்தார். யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்த்தேன்.

பிள்ளை நல்லபடியாக வந்தால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். "நீங்க ரெண்டு பேருமா போய் ஒடைச்சுட்டு வாங்கோ. ஆட்டோ வேண்டாம், நடந்தே போங்கோ" என்றார். நானும் வரேன் என்று கிளம்பிய உறவுக்காரியை, அப்பளம் இட ஆள் வேண்டும் என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

ஆரியசாலை வழியாக நடந்தோம். நாலு வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் பேச்சைக் கேட்க யாரும் இல்லை. பேசவும் ஒன்றும் வரவில்லை. இவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் நடந்தார், நான் பின்னால். மிளகாய் மண்டி வாசலில் இரண்டு பேரும் தும்மினோம். கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் நாகர்கோவில்காரர் கடை முன்னால் இவர் நின்றார்.

"கோஸ் என்ன விலை?" என்று கேட்டார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். "நாலு வருஷம் கழிச்சு என்னோட தனியா நடக்கறேள். இப்பவும் கோஸ் விலைதானா?" என்று நடுத்தெருவில் சத்தம் போட்டுவிட்டேன். கடைக்காரர் தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

இவர் முகம் சுருங்கிப்போயிற்று. கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: "எனக்கு வேற என்ன கேக்கறதுன்னு தெரியலே. அங்க கடைக்குப் போனா ஒவ்வொரு சாமானா கையில எடுத்து விலையைப் பாத்து மனசுல வெச்சுப்பேன், உனக்கு எழுதணுமேன்னு. அப்புறம் இருந்த எடத்துலயே வெச்சுட்டு ரொட்டியும் பாலும் மட்டும் வாங்கிண்டு வந்துடுவேன்."

"கோஸாவது வாங்கிப் பண்ணிச் சாப்பிட்டிருப்பேளே?"

"நான்தான் கோஸே சாப்பிடமாட்டேனே. சின்னதுலேர்ந்து அந்த வாசனையே எனக்கு ஆகாது."

நான் அப்படியே நின்றுவிட்டேன். நாலு வருஷமாக நான் மனசுக்குள் இவருக்கு எத்தனை விதமாக முட்டைக்கோஸ் சமைத்துப் போட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில் இவருக்கு இலை போட்டது மாமியார்தான், நான் பரிமாறி அறியேன். என் புருஷனுக்கு எந்தக் காய் பிடிக்காது என்பதுகூட எனக்குத் தெரியாது, அந்தக் காயின் விலை மட்டும் தெரியும். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்குத் தெரியாம என்ன? என் எலையில ஒரு நாளும் போட்டதில்லையே."

அப்படியானால் முதல் கடிதத்திலிருந்து மாமியாருக்குத் தெரியும். தன் பிள்ளை தொடாத காயின் விலையை நான் மாதா மாதம் விசாரிப்பதும், அவன் விழுந்து விழுந்து பதில் எழுதுவதும், டாக்டர் வீட்டில் எல்லோர் முன்னாலும் நான் கேட்டதும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழவங்காடியில் இவர் தேங்காயை ஓங்கி உடைத்தார். நான் சன்னிதியைப் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, என் நினைப்பெல்லாம் மாமியார் மேல்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் இவர் கூடத்தில் சொன்னார்: "அப்பா, இந்தத் தடவை அவளையும் கூட்டிண்டு போறேன்."

மாமனார் கோபப்படவில்லை. பென்சிலை எடுத்தார். பழைய காகிதம் ஒன்றின் பின்புறத்தில், எனக்கு மனப்பாடமான அதே கணக்கைப் போட்டார். அடுக்களை உள்ள வீடு நூற்றிருபது. எட்டால் பெருக்கு. தொள்ளாயிரத்து அறுபது. இவர் தலையைக் குனிந்துகொண்டார். எழுத்தில் அத்தனை பொய் சொன்னவருக்கு நேரில் ஒரு பொய்கூட வரவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இன்னொரு வருஷம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

மாமியார் அப்போதுதான் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். திரியைத் தூண்டிவிட்டு, திரும்பாமலே சொன்னார்: "ஏழரையால பெருக்குங்கோ."

மாமனாருக்குப் புரியவில்லை. "என்ன?"

"டாலருக்கு எட்டு ரூபா இல்லையே. ஏழரைதானே? ஏழரையால பெருக்கிப் பாருங்கோ."

விளக்கின் முன்னால், பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு, அந்த வாயால். மாமனார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காகிதத்தில் எழுதினார். தொள்ளாயிரம். அறுபது ரூபாய்தான் வித்தியாசம். அறுபது ரூபாயில் ஒன்றும் நேராகிவிடாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் காகிதத்தை நாலாக மடித்தார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கணுமே" என்றார்.

மழைக்காலம் முடிந்து நான் போய்ச் சேர்ந்தேன். அந்த ஊரைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாம் எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது, குளிரைத் தவிர. இவர் வேலைக்குப் போனதும் ஜன்னலருகில் நின்று தெருவைப் பார்ப்பேன். மனித நடமாட்டமே இருக்காது. யார் பெயருக்கு வந்த கடிதத்தையும் நானே பிரிக்கலாம் என்பது மட்டும் எனக்கு அங்கே பெரிய விஷயமாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் மாமனாரின் நீலக் காகிதம் வந்தது. வாடகை எவ்வளவு, சாமான் செலவு எவ்வளவு, எல்லாம் கேட்டிருந்தார். அடியில், பழக்க தோஷமோ என்னவோ, மூன்று விரற்கடை இடம் விட்டிருந்தார். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது. பருப்பு டப்பாவின் மேல் இருக்கும் அதே மலையாள எழுத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆட்டம். பிள்ளை பெயருக்கு அதுவரை ஒரு வரிகூட எழுதாதவர். சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

"அங்கே முட்டைக்கோஸ் என்ன விலை?"

வலியசாலை வீட்டில் இப்போது அந்தச் சமையலறையில் யார் தனியாக நிற்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். பிறகு எழுந்து, இவருடைய பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, விலை பார்த்து வரக் கடைக்கு நடந்தேன்.